தாய்க்கோழியைப் பார்க்காத குஞ்சுகள்

சூப்பர்வைசர் செத்த கோழி ஒன்றின் வயிற்றைக் கத்தரிக்கோலால் கீறிக் குடலை வெளியே இழுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொட்டகை வாசலில் காலித் தீவனச் சாக்கை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் அவர் எப்போதும் அறுப்பார். குடலை நீளவாக்கில் பிளந்து விரலால் நீவிவிட்டார். உள்ளே மக்காச்சோளம் அரைத்தது அரைத்தபடியே கிடந்தது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் சளி மாதிரி ஒன்று.

"பாருங்க, தின்னது அப்படியே இருக்குதுங்க. செரிக்கவே இல்லீங்க," என்றார். அவர் ஒட்டன்சத்திரத்துக்கும் அந்தப் பக்கத்து ஆள். எங்களுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்து வருகிறவர். கோழியிடம் பேசினால்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"அப்ப நான் கொட்டுற தீவனம் பூரா பீயாத்தான் போகுதா?" என்று அண்ணன் கேட்டான்.

"பாதி அப்படித்தானுங்க."

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் திண்டுக்கல்லில் நுண்ணுயிரியல் படித்து முடித்து, பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் சில மாதம் வேலை பார்த்து, அது பிடிக்காமல் வீட்டுக்கு வந்திருந்தேன். கிழித்த நாடா மாதிரி கிடந்த அந்தக் குடலைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. இந்தக் கோழி தன் தாயைப் பார்த்ததே இல்லை.

நாட்டுக்கோழி குஞ்சு பொரித்தால், குஞ்சுகள் அதன் பின்னாலேயே போகும். அது கிளறின குப்பையைக் கொத்தும், அதன் எச்சத்தையும் கொத்தும். தாயின் குடலிலிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அந்த வழியில்தான் குஞ்சின் குடலுக்குப் போய்ச் சேருகின்றன. எங்கள் குஞ்சுகள் இயந்திரத்தில் பொரிந்தவை. அட்டைப்பெட்டியில் அடுக்கி வேனில் வந்து இறங்கியவை. அவற்றின் குடல் ஆளில்லாத புறம்போக்கு. முதலில் எது வந்து குடியேறுகிறதோ அதற்குத்தான் பட்டா. கெட்டது முந்திக்கொள்வதற்குள் நல்லதைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்துவிட்டால்? அதற்கென்றே பொடி விற்கிறார்கள். புரோபயாட்டிக் என்று கல்லூரியில் ஒரு முழுப் பாடம் படித்திருக்கிறேன். பரீட்சை எழுதினேன், மறந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த பேட்ச்சும் இதே மாதிரின்னா மேல ஒத்துக்க மாட்டாங்கண்ணா. குஞ்சு விடுறதை நிறுத்திருவாங்க. எனக்கே சொல்லச் சங்கடமா இருக்குதுங்க."

அண்ணன் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். குஞ்சு வராவிட்டால் அவன் என்ன செய்வான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள். அவனுடைய கூட்டாளி ஒருவன் அங்கே ஷிப்ட் பார்க்கிறான். "வாரியா, இல்லையா?" என்று அடிக்கடி போன் பண்ணுவான். அப்பா இறந்தபின் இந்தக் கொட்டகையை அண்ணன்தான் தூக்கி நிறுத்தியிருந்தான். கன்னிவாடியிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் பாதையில், தென்னந்தோப்புக்கும் முருங்கைக் காட்டுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கும் கொட்டகை. அதை விட்டுவிட்டு மில்லுக்குப் போவதென்றால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை.

போன கோடையிலேயே எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கேள்விகள் நின்றுபோய்விட்டன. ஒரு மத்தியானம் கரண்டு போனது. மின்விசிறியும் தண்ணீர் தெளிக்கும் குழாயும் நின்றன. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. பிடிக்கும் பருவத்துக்கு வந்திருந்த கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலைகளில் குவிந்தன. நாங்கள் மூன்று பேரும் வாளியில் தண்ணீர் மொண்டு வீசிக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் பொக்லைன் வந்து குழி தோண்டியது. அன்றைக்கு நான் அழவில்லை. அம்மா அழவில்லை. அண்ணன் குழி மூடினவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அதற்குப்பிறகு காலையில் கொட்டகைக்குள் போய்ச் செத்ததைப் பொறுக்கி வாளியில் போடும்போது, பீன்ஸ் பறிப்பது போலத்தான் கை வேலை செய்தது. இன்றைக்கு எத்தனை என்று மனசு கேட்கவும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, அந்த யோசனை வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். மரத்துப்போன காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சை ஆரம்பித்தேன். கத்தரிக்காய் வெஞ்சனம். அண்ணன் பிசைந்துகொண்டே கேட்டான்.

"மருந்தா அது?"

"ஆமாண்ணே, மருந்து மாதிரித்தான். தண்ணியில கலந்து விட்டா போதும்."

"கம்பெனி குடுக்குற மருந்தைத் தவிர எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிருக்கான்ல?"

"அந்த மருந்தைக் கொடுத்தும் இப்படித்தான இருக்கு."

"உனக்கு வேலை வெட்டி இல்லாம இருக்கு. அதான் கோழி வயித்துக்குள்ள போயி உக்காந்துட்ட."

"அங்கயாச்சும் ஒரு வேலை கெடச்சுச்சேன்னு இருக்கேன்."

அம்மா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். "செஞ்சு பாக்கட்டும்ப்பு. எப்பிடியும் சாகுறது சாகத்தான போகுது," என்றாள்.

சூப்பர்வைசரிடம் ஒளிக்க எனக்கு மனமில்லை. மறுதடவை வந்தபோது நேராகவே சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிருமுங்க."

"உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். கம்பெனிக்கு இல்ல."

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. நானும் ஒண்ணும் கேக்கலீங்க. ஆனா நாங்க குடுக்குற மருந்து முடிஞ்சதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கோணும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடாதீங்க," என்றார். ஒன்றும் கேட்காத ஆளுக்கு நிறையவே தெரிந்திருந்தது.

பொடி வாங்கத் திண்டுக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கால்நடை மருந்து விற்கும் கடை. கடைக்காரர் மேல்தட்டில், வெயில் நேராக விழும் இடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூசியைத் தட்டி நீட்டினார்.

"இது வேண்டாங்கய்யா. உள்ள ஃபிரிட்ஜுல இருக்கிறது கொடுங்க."

"பொடிக்கு எதுக்கும்மா ஃபிரிட்ஜு? அதுல என் சாப்பாடு இருக்கு."

"பொடியில இருக்கிறதெல்லாம் உசுரோட இருக்கிற பாக்டீரியாங்கய்யா. வெயில்ல வச்சா செத்துப்போகும்."

அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுரோடயா? இம்புட்டு நாளா மூச்சு விடாமத்தான இருந்துச்சு," என்றார். பிறகு குடோனில் தேடி, அன்றைக்கு இறங்கின பெட்டியிலிருந்து புதுசாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி, அதைப் பாலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மல்லிகைப்பூவா என்று கேட்டாள். இல்லை, கோழி மருந்து என்றேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குஞ்சு வந்தது. தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, அதன்மேல் பழைய செய்தித்தாள் விரித்து, தகரத்தை வட்டமாக நிறுத்தி உள்ளே விட்டோம். விளக்குச் சூட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன. கம்பெனி மருந்து ஓடி முடிந்தது. மேல்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்தச் சொன்னேன், அதுவும் நம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால். பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தொட்டியில் ஊற்றினேன்.

மத்தியானத்துக்குள் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. எங்கள் கொட்டகையில் கோழி அண்ணாந்து மூக்கால் முட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற நிப்பிள்கள் வரிசையாகத் தொங்கும். பொடி சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாகப் போய் அவற்றின் வாயில் உட்கார்ந்துகொண்டது. குஞ்சுகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு நிப்பிளுக்குக் கீழேயே அண்ணாந்து நின்றன.

"ஏத்தா, வயித்த சரி பண்றேன்னு சொல்லி தாகத்துல சாகடிக்கப் போறியா?" என்று அண்ணன் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரும் ஊசியை வைத்துக்கொண்டு நிப்பிள் நிப்பிளாகக் குத்திச் சுத்தம் செய்தோம். மறுநாளும் அடைத்தது. வாளித் தண்ணீரை அடித்துக் கலக்கினேன், கையால் பிசைந்தேன், வலையில் வடித்தேன். கட்டி விழத்தான் செய்தது.

அம்மா வந்து பார்த்தாள். "எங்கிட்ட விட்ரு. கட்டி விழாமக் கரைக்கிறது எனக்குத் தெரியும்," என்றாள்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு சின்னாளபட்டி. தறி வீடு. கல்யாணம் ஆகும்வரை அவளுக்கு வேலையே தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவதுதான். கஞ்சியில் ஒரு கட்டி இருந்தாலும் நூல் நூலோடு ஒட்டிக்கொள்ளும், பாவு பாழாகிவிடும், எங்கள் தாய்மாமா கஞ்சிச் சட்டியைத் தெருவில் கவிழ்த்துவிடுவார் என்று சொல்வாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கேப்பைக்கூழில் கட்டி இருந்து நான் பார்த்ததில்லை. பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். அளவு மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து குழாய் அடைக்கவில்லை. அம்மா வெள்ளன எழுந்து கரைத்து, வாளியை மூடிக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிடுவாள். நான் தட்டுக்கூடையில் குஞ்சுகளைப் போட்டு எடை பார்ப்பதும், நார்த்தூளைக் கிளறுவதும், போனில் புரோபயாட்டிக் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பதுமாக இருந்தேன். அண்ணன் தீவனம் கொட்டும்போது பின்னாலேயே போய்ச் சொல்வேன். குடல் சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், நல்ல பாக்டீரியா இருந்தால் அந்த விரல் நீளமாக வளரும், அப்போதுதான் சத்து நிறைய உறிஞ்சும் என்று. "வெரலா?" என்று அண்ணன் நிற்பான். "ஆமாண்ணே." "கோழிக்குக் கால்ல வெரல் இருக்கிறது போதாதா?" என்றபடி அடுத்த மூட்டையைப் பிரிப்பான்.

கோழிகள் வளர்ந்தன. மாற்றம் ஒன்றும் இல்லை. எச்சம் தண்ணீராகவே விழுந்தது. நார்த்தூள் ஈரமாகிக் கட்டி பிடித்து, கிளறினால் புளிச்சென்று நெடி கண்ணில் ஏறியது. எடை போன தடவையைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூப்பர்வைசர் வந்து ஒன்றை அறுத்தார். குடலுக்குள் மக்காச்சோளம் இப்போதும் செரிக்காமல் கிடந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் துடைத்தார்.

"ஒண்ணும் கேக்கலீங்க," என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் போனில் பேசுவது கேட்டது. "ஷிப்டு எப்பன்னு சொல்லு. ரூம்ல எத்தனை பேரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு வேளை பாக்டீரியா தொட்டிக்கு வருமுன்பே செத்துப்போகிறதோ என்று தோன்றியது. அதைச் சோதிக்க ஆய்வகம் எதற்கு? பால் போதும். பொடியில் இருந்தது பாலைப் புளிக்க வைக்கிற வகை.

பாலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் பொட்டலத்திலிருந்து நேராக ஒரு சிட்டிகை. இன்னொன்றில் நிப்பிளிலிருந்து பிடித்த தண்ணீர் ஒரு கரண்டி. இரண்டையும் மூடி அடுக்களை மூலையில் வைத்தேன். மறுநாள் பொட்டலத்து டம்ளர் தயிர் மாதிரி உறைந்திருந்தது. சாய்த்தால் ஆடவில்லை. நிப்பிள் தண்ணீர் டம்ளரில் பால் பாலாகவே இருந்தது. ஒரு மாதிரி வாடை மட்டும்.

பொடியில் உயிர் இருக்கிறது, நிப்பிளில் இல்லை. நடுவில் எங்கோ செத்துப்போகிறது. தொட்டியில் பிளீச்சிங் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று மறுபடி கழுவினேன். தொட்டித் தண்ணீரில் தனியாகப் பொடி கலந்து பாலில் விட்டேன். அது உறைந்தது. அப்படியானால் தொட்டி காரணமில்லை. பாக்கி இருந்தது வாளி ஒன்றுதான்.

விடியற்காலை அம்மாவுக்கு முன்னாலேயே எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. நான் பின்பக்கம் போகும்போது அவள் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பாத்திரத்தில் பொடியைக் கொட்டி, கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மத்தால் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு பழைய சேலைத் துணியில் வடிகட்டினாள். வாளியில் விழுந்தது வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. ஆவி பறந்தது.

"வா, பாரு. ஒரு கட்டி இருக்கான்னு சொல்லு," என்றாள்.

நான் வாளியைப் பார்த்தேன். ஒரு கட்டிகூட இல்லை.

"அம்மா, இது உசுரோட இருக்கணும்மா."

"பொடிக்கு என்னடி உசுரு?"

"பாலுக்கு உறை ஊத்துறப்ப, கொதிக்கக் கொதிக்க ஊத்துவியா?"

"எவ ஊத்துவா? ஆறி, கை பொறுக்குற சூட்டுலதான் ஊத்தணும்."

"இதும் உறை மாதிரித்தான்."

மத்து நின்றது. அம்மா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப உறைன்னு சொல்லிருக்கணும். மருந்துன்னுல்ல சொன்ன. மருந்துன்னா கரையணும்," என்றாள். குரலில் கோபம் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் ஊற்றினாள். திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள். அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து கேட்டாள்.

"அம்புட்டும் செத்ததத்தான் குடுத்திருக்கேனா?"

"ஆமா."

"கோழிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகாது. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல."

"என்னைய மாதிரி," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அது வேடிக்கையாகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான். ஒரு தடவை ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தான். "நீ உசுரோட வாங்கியாந்த. நம்மம்மா வேகவச்சுக் குடுத்துச்சு. கோழிக்கு விருந்துதான்," என்றான். பிறகு சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் கொடுத்தோம். இந்தத் தடவை பொடியை ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டவில்லை. முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்து, அப்புறம் தண்ணீர் விட்டு விளாவினால் கட்டி விழவில்லை. அதையும் அம்மாதான் செய்தாள். ஆனால் கோழிகள் அதற்குள் பெரிசாகிவிட்டன. குடலில் எது குடியேற வேண்டுமோ அது எப்போதோ குடியேறியிருக்கும். கடைசி நாட்களில் நார்த்தூள் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருந்தது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒட்டாமல் உதிர்ந்தது. பொடியாலா? அந்த வாரம் மலையிலிருந்து வறண்ட காற்றும் அடித்தது. காற்றாலா? எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாக் கோழிக்கும் கொடுத்துவிட்டால், கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க ஒரு கோழியும் பாக்கியில்லை. அதுதான் என்னை அரித்தது. அரித்தது என்றால், உண்மையாகவே. அந்த வீட்டில் அப்போது என்னை அரிக்க வேறு எதுவும் இருக்கவில்லை.

கோழி பிடிக்க வண்டி வந்தது. ஆட்கள் காலைப் பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தூக்கிக் கூண்டில் அடைத்தார்கள். எடை மெஷின் பக்கத்தில் அண்ணனும் சூப்பர்வைசரும் நின்றார்கள். கடைசிக் கூண்டு ஏறியதும் கொட்டகை திடீரென்று அமைதியானது. அவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றால் காதுக்குள் ஒரு ரீங்காரம் வரும். அது வந்தது.

"போன பேட்ச்சைவிட ஒரு மயிரிழை தேவலீங்க," என்றார் சூப்பர்வைசர். "மேல பேசிப் பாத்தேனுங்கண்ணா. முழுசா விட மாட்டேங்கறாங்க. பாதிக் கொட்டகைக்கு மட்டும் குஞ்சு விடுறோம், பாக்கலாம்ங்கறாங்க."

அண்ணன் தலையாட்டினான். "பாதிக் கொட்டகைக்கு முழு ஆளு எதுக்கு?" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. மில்லுக்கு அந்த வாரமே கிளம்பினான். பெட்டி கட்டும்போது அம்மா முறுக்கு டப்பாவை உள்ளே திணித்தாள். அவன் அதை எடுத்து வெளியே வைத்தான், அவள் மறுபடி திணித்தாள். கன்னிவாடி பஸ் நிறுத்தம்வரை நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். போகிற வழியெல்லாம் மின்விசிறி பெல்ட் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தான். தளர்ந்தால் எப்படிச் சத்தம் வரும், எந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் எப்போதும் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்று.

"ஞாயித்துக்கிழமை லீவு கெடச்சா வாரேன்," என்றான்.

"சரிண்ணே."

"அந்தப் பொடி..." என்று ஆரம்பித்து, பஸ் வந்துவிட்டதால் ஏறிவிட்டான். என்ன சொல்ல வந்தான் என்று போனில் கேட்டேன். ஞாபகமில்லை என்கிறான். மில் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்பதுமில்லை.

இப்போது கொட்டகையில் நானும் அம்மாவும்தான். பழைய நார்த்தூளை அள்ளி முருங்கைக்குக் கொடுத்துவிட்டோம். தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். பாதிக் கொட்டகையைப் படுதா போட்டு மறைத்தாகிவிட்டது. மிச்சப் பாதியின் நடுவில் நைலான் வலை கட்டுகிறோம், கிழக்கே ஒரு பக்கம், மேற்கே ஒரு பக்கம். கிழக்கிலிருக்கும் குஞ்சுகளுக்குப் பொடி உண்டு, மேற்கிலிருப்பவற்றுக்கு இல்லை. தீவனம், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்று.

சூப்பர்வைசர் வலையைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்தார். "எந்தப் பக்கம் நல்லா வருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார். அவருக்குக் கீழே இது மாதிரி ஈரக் கொட்டகைகள் இன்னும் சில இருக்கின்றனவாம்.

அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. வலையின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லதுன்னு தெரிஞ்சா எல்லாத்துக்கும் குடுக்க வேண்டியதுதான? அந்தப் பக்கத்துக் குஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நல்லதான்னு தெரியாதும்மா. அதுக்குத்தான்."

"அப்ப பொடி கெட்டதுன்னா, இந்தப் பக்கத்துக் குஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு?"

நான் கம்பியை முறுக்கினேன். அண்ணன் திரும்ப வருவது இந்த வலையைப் பொறுத்தது என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. கிழக்குப் பக்கம் எடை கூடினால், கம்பெனி முழுக் கொட்டகைக்கும் குஞ்சு விடலாம். விட்டால் அவனுக்கு இங்கே வேலை இருக்கும். வரவும் செய்யலாம், மில் பழகிப்போய் வராமலும் இருக்கலாம்.

வியாழக்கிழமை வேன் வருகிறது. பொடியை இந்தத் தடவை தண்ணீரில் கலக்கப்போவதில்லை. காகிதத்தில் தூவும் முதல் தீவனத்திலேயே பிசறிவிடப்போகிறேன், குஞ்சு வாயில் முதலில் படுவது அதுவாக இருக்கட்டும் என்று. கம்பெனி மருந்தை ஆரம்பத்தில் தள்ளிவைக்கச் சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பக்கத்துக்கும்தான். வாரம் ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு கூடை, அந்தப் பக்கம் ஒரு கூடை எடை பார்ப்பேன். இரண்டு பக்கத்து நார்த்தூளையும் பிழிந்து பார்ப்பேன். வித்தியாசம் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பெட்டியிலிருந்து இறக்கும்போது துறுதுறுவென்று இருக்கும் குஞ்சுகளை நானே எனக்குத் தெரியாமல் கிழக்குப் பக்கம் விட்டுவிடுவேன். என் கையை நான் நம்பவில்லை. எந்தப் பெட்டி எந்தப் பக்கம் என்பதை நான் முடிவு பண்ணக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.